ஏழு தொட்டிகளின் கனம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர் வைக்கப் பெரிய கற்பனை ஒன்றும் வேண்டாம். ஆனால் கடையில் அதை வைத்தது அவன் தொழிலுக்காக அல்ல. சாப்பாட்டு நேரத்தில்கூடப் பையிலிருந்து ஓர் ஆர்க்கிட் இலையை எடுத்து, லென்ஸை வைத்து, அதன் அடிப்பக்கத்தில் பூச்சி தேடிக்கொண்டிருப்பான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு யாரும் காரணம் தேடி அலைய வேண்டாம். வீட்டில் வெளிச்சம் விழுகிற ஜன்னலெல்லாம் செடிகளுக்குப் போய்விட்டது, மனுஷிக்கு இடமில்லை.

எட்டுச் செடிகள். எட்டும் ஒரே ஜாதி. அதற்கு அந்துப்பூச்சி ஆர்க்கிட் என்று யாரோ பேர் வைத்திருக்கிறார்கள். அலமாரித் துணியை அரிக்கிற பூச்சியின் பேரை இப்படிப்பட்ட ஒரு பூவுக்கு வைத்த புண்ணியவானைக் கண்டால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். மண்ணில் வளராது, மரப்பட்டைத் துண்டுகளைத் தொட்டியில் நிரப்பி அதில்தான் நட வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் வேர் அழுகும், குறைந்தால் இலை தொங்கும். எப்போது ஊற்ற வேண்டும் என்பதைப் பூதக்கண்ணாடி கையால்தான் கண்டுபிடிப்பான். தொட்டியைத் தூக்குவான். லேசாக இருந்தால் தாகம், கனமாக இருந்தால் குடித்திருக்கிறது. இதில் அவன் கை பொய் சொன்னதே கிடையாது.

அன்றைக்கு அவனுக்கு விடுமுறை. காலையிலேயே தங்கை தன் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இரண்டரை வயது வாண்டு. தங்கை ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். அவள் புருஷன் கப்பல் வேலையில் கடலோடு போனவன், வரும்போது வருவான்.

“அண்ணா, இன்னைக்கு ஒரு நாள்தான். காப்பகத்துல பெயின்ட் அடிக்கிறாங்களாம். பாத்துப்பியா?”

“இது என்ன கேள்வி? எட்டுக் குழந்தையை வளக்கிறவன் ஒம்பதாவதைப் பாத்துக்க மாட்டேனா?”

தங்கை சிரிக்கவில்லை. “பகல்ல தூங்கவே மாட்டா. நீயும் தூங்க வைக்காதே, ராத்திரி என் உயிரை எடுத்துடுவா. அப்புறம், அந்த மருந்து கிருந்தெல்லாம் மேல வை.”

“வச்சாச்சும்மா, கெளம்பு. நீ போய்ச் சொல்லாட்டி ஒரு ரயிலும் நகராது.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பாட்டிலை அலமாரியின் உச்சித்தட்டில் வைத்தான். ஆனால் அதற்கு முன்பே அதிலிருந்து அளந்து ஊற்றி, தண்ணீரும் இரண்டு சொட்டு சோப்பும் கலந்து, குளியலறைத் தரையில் ஒரு நீல டப்பில் நிரப்பியிருந்தான். ஏழு செடிகளின் வேரில் மாவுப்பூச்சி. தொட்டியோடு மருந்துத் தண்ணீரில் உட்கார வைத்தால்தான் அது சாகும் என்று ஏழையும் டப்பில் இறக்கியிருந்தான். பாட்டிலை மேலே வைத்தவன் மருந்தைக் கீழே வைத்தான். செடிக்காரன் கண்ணுக்கு மருந்து என்றால் பாட்டில்தான். டப்பில் இருப்பது செடிக்கு ஊற்றுகிற தண்ணீர். இந்தப் புத்தியை எதால் அடிப்பது?

எட்டாவது செடியில் மொட்டு விட்டிருந்தது. மொட்டுள்ள செடியை மருந்தில் முக்க மனம் வராமல், பால்கனிக்குக் கொண்டுபோய், பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இலையிடுக்கைத் துடைக்க உட்கார்ந்தான். வாண்டு கூடத்தில் மரக்கட்டைகளை அடுக்கி அடுக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியாது. லென்ஸுக்கடியில் ஒரு பூச்சி அகப்பட்டுவிட்டால் அவனுக்கு உலகமே அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

செடியைத் துடைத்து முடித்து உள்ளே வந்தான். கூடம் அமைதியாக இருந்தது. குளியலறைக் கதவு திறந்திருந்தது. சாத்திவிட்டுத்தான் வந்திருந்தான்.

எட்டிப் பார்த்தான். தொட்டிகளின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்ற தண்ணீர் இப்போது நாலு விரல் கீழே கிடந்தது. மாடத்தில் இருக்க வேண்டிய மக் டப்பின் பக்கத்தில் கவிழ்ந்திருந்தது. அதன் விளிம்பில் சோப்பு நுரை.

கூடத்துக்கு ஓடினான். ஜன்னலுக்குக் கீழே, கட்டைகளுக்கு நடுவில், முகத்தைத் தரைவிரிப்பில் புதைத்துக்கொண்டு வாண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பகலில் தூங்கவே தூங்காத வாண்டு.

கூப்பிட வாய் திறந்தான். கூப்பிடாமலே மூடிக்கொண்டான். முதுகு ஏறி இறங்குகிறதா? இறங்குகிற மாதிரிதான் இருந்தது. ஜன்னல் திரை அசைகிறதா, சட்டை அசைகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடுகளவு கீறலைக் கண்ணாடியில் கண்டுபிடிக்கிற கண் அவனுடையது. அது அன்றைக்கு உதவவில்லை. இரண்டடி முன்னால் போய் முதுகில் கைவைத்தால் தெரிந்துவிடும். எழுப்பி, எழுந்திருக்காவிட்டால்? அந்த இரண்டடியை வைக்க அவனால் முடியவில்லை.

திரும்பிக் குளியலறைக்குப் போனான். அவனை நீங்கள் திட்டலாம், நானும் திட்டுகிறேன். ஆனால் பயம் மனிதனை அவனுக்குத் தெரிந்த வேலைக்குத்தான் துரத்தும். பட்டை காய்ந்து கிடந்தால் நிறையத் தண்ணீர் குடிக்கும். குறைந்த தண்ணீரை எல்லாம் செடிகளே குடித்திருக்கலாம். அப்படியானால் குழந்தை குடிக்கவில்லை. தொட்டியைத் தூக்கினால் தெரிந்துவிடும்.

முதல் தொட்டியைத் தூக்கினான். நல்ல கனம். மனசுக்குள் யாருக்கோ நன்றி சொன்னான். இரண்டாவதும் கனம். அடுத்தது இன்னும் கனம், வேரெல்லாம் பச்சைப் பசேலென்று நனைந்திருந்தது. நாலாவதும் அப்படியே. ஐந்தாவதைத் தூக்கியபோது கை சட்டென்று மேலே வந்தது. லேசு. அதையும் அடுத்த இரண்டையும் போன வாரம்தான் புதுப் பட்டைக்கு மாற்றியிருந்தான். புதுப் பட்டை லேசில் தண்ணீரை உள்ளே விடாது. ஏழையும் மறுபடி முதலிலிருந்து தூக்கினான். எப்படிக் கூட்டினாலும் ஒரு மக் தண்ணீருக்குக் கணக்கு வரவில்லை. மருந்துத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது. ‘கடவுளே, இந்தக் கடைசித் தொட்டியாவது கனமா இருக்கட்டும்’ என்று முனகிக்கொண்டே மூன்றாவது முறை குனிந்தான்.

அப்போதுதான் செல்போன் அடித்தது. தங்கை.

“என்ன பண்றா?”

“தூங்குறா.” வாயிலிருந்து அதுதான் வந்தது. பொய்யும் இல்லை.

அந்தப் பக்கம் ஒரு ரயிலின் ஊதல் கேட்டு அடங்கியது. “தூங்குறாளா? இந்நேரத்துலயா? அண்ணா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு?”

“அது வந்து... டப்புல செடிக்கு மருந்து கலந்து வச்சிருந்தேன். தண்ணி கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. பட்டைதான் குடிச்சிருக்கணும். ஆனா பாரு, மூணு தொட்டி...”

“தூக்கு அவளை.” ரயில்களைக் கூப்பிடுகிற குரல் அது, அதில் அழுகையே இல்லை. “பாட்டிலை எடுத்துக்கோ. ஆஸ்பத்திரிக்கு ஓடு. நான் அங்க வரேன்.”

ஓடினான். இரண்டடியைத் தாண்டிக் குழந்தையை அள்ளினான். தலை அவன் தோளில் சாய்ந்து தொங்கியது. அடுத்த நொடி வாண்டு கண்ணைத் திறந்து, தூக்கம் கெட்ட கோபத்தில் வீட்டு ஓடு பறக்கிற மாதிரி வீறிட்டது. இவ்வளவு இனிமையான சத்தத்தை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஆனாலும் பயம் விடவில்லை. மருந்து மெதுவாகத்தானே வேலை செய்யும்? மாவுப்பூச்சிகூட உடனே சாவதில்லையே.

ஒரு கையில் குழந்தை, மறு கையில் பாட்டில். வாசலில் ஷூவுக்குள் காலை விட்டான். சளக்கென்றது. கணுக்கால்வரை தண்ணீர். மற்றதைப் பார்த்தான், அதிலும் தளும்பத் தளும்ப இருந்தது. மேலே சோப்பு நுரை. விஷயம் புரிந்தது, புரிந்தும் நிற்கவில்லை. ஷூவுக்கு ஊற்றியவள் தனக்கும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டிருக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? ஷூவை உதறிவிட்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினான். ஒரு கார் பிரேக் போட்டு நின்று அவன் பரம்பரையையே விசாரித்தது. காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாட்டிலை வாங்கிப் படித்தார். குழந்தையின் கண்ணில் டார்ச் அடித்தார், வாயை முகர்ந்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். குழந்தையின் சட்டைக் கை நனைந்திருந்ததைப் பார்த்து, கழற்றச் சொல்லி உடம்பைக் கழுவ வைத்தார்.

“செல்லம், அந்தத் தண்ணியைக் குடிச்சியா?”

“இல்ல,” என்றது வாண்டு. “ஷூ குச்சுது.”

“உன் வாய்ல ஊத்திக்கலையா?”

வாண்டு அவரை அனுதாபத்தோடு பார்த்தது. “எனக்குத் தாகம் இல்ல. ஷூக்குத்தான் தாகம்.”

“அறிகுறி எதுவும் இல்ல. எதுக்கும் சாயங்காலம்வரை இங்கயே இருக்கட்டும்,” என்றார் டாக்டரம்மா. பிறகு அவன் பக்கம் திரும்பினார். “மொதல்ல நீங்க போய்க் காலையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. குழந்தையைவிட உங்க மேலதான் மருந்து அதிகமா இருக்கு.”

தங்கை சீருடையோடு வந்து சேர்ந்தாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டாள், மறுபடி கேட்டாள். பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவனைத் திட்டவே இல்லை. சாயங்காலம் டாக்டரம்மா வந்து பார்த்து, “கூட்டிட்டுப் போகலாம்” என்றபோது அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்தால் வாயும் வந்துவிடுமே. எதையாவது பேசிச் சிரித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஓர் ஆசை.

“நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது,” என்றான். “ஒவ்வொரு தொட்டியாத் தூக்கிப் பாக்குறேன். நாலு கனமா இருக்கு, மூணு லேசா இருக்கு. மறுபடி தூக்குறேன். கணக்கே வரல. கடைசில பாத்தா, கழுதை, ஷூவுக்கு ஊத்தியிருக்கு!” சிரித்தான்.

தங்கை குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“ஏழையும் தூக்கிப் பாத்தியா?”

“ரெண்டு தடவை.”

“இவளைத் தூக்கிப் பாத்தியா?”

அவன் சிரிப்பு வாயோரத்தில் அப்படியே நின்றது. பொய் சொல்லலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயமா இருந்துச்சும்மா,” என்றான்.

“எனக்குந்தான் பயமா இருந்துச்சு. காலைல உன் வீட்டு வாசலைத் தாண்டினதுலேருந்து பயம்தான்,” என்றாள். “அதனாலதான் நான் போன் பண்ணேன்.”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். வாண்டும் இவன் பக்கம் தாவப் பார்த்தது. தங்கை அதன் முதுகை அழுத்திப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.