விண்வெளிக்கு ஒரு காஜா

அருங்காட்சியகத்தில் குடும்ப விண்வெளி நாள். ஊரில் பாதிப் பேர் உள்ளே இருந்தார்கள். மீதிப் பாதி வாசலில் வரிசையில் நின்றது.

கூடத்தின் நடுவே ஆள் உட்காரக்கூடிய விண்கல மாதிரி ஒன்று. அதில் ஏற ஒரே வழிதான். மூன்றாம் மாடியிலிருந்து பாராசூட்டில் விடும் முட்டை உடையாமல் தரைக்கு வர வேண்டும். குடும்பத்துக்கு இரண்டு முட்டை. உன்னை உள்ளே உட்கார வைக்காமல் வீடு திரும்ப மாட்டேன் என்று தையல்காரம்மா ஏழு வயது மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதுவும் நாத்தனார் காதுபட. இனி பின்வாங்க முடியுமா?

அருங்காட்சியகத்தார் கொடுத்த பையில் நூல்கள், காகிதக் கோப்பை, வட்டமாக வெட்டிய துணி. துணியின் நடுவே கட்டைவிரல் நுழையும் ஓட்டை. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கை அரித்தது. ஊசி நூல் இல்லாமல் வாசல் தாண்டாதவள். கண் மூடித் திறப்பதற்குள் இழை இழையாக அடைத்துவிட்டாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தையல் தெரியாது. குழந்தைகளுக்குப் போய்க் கிழிந்த துணியைக் கொடுக்கிறார்களே என்று நாலு வார்த்தை திட்டியும் வைத்தாள்.

முதல் முட்டை கிளம்பியது. பாராசூட் குடித்தவன் மாதிரி இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, தூணில் போய் மோதியது. மஞ்சள் கரு எட்டு ஊருக்குத் தெறித்தது. மலைப்பாதையில்கூடத் தான் இத்தனை வளைவு எடுத்ததில்லை என்றார் பஸ் ஓட்டும் கணவர். மகள் விண்கலத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் தையல்காரம்மாவால் தாங்க முடியவில்லை.

துணியைப் புரட்டிப் பார்த்தாள் அருங்காட்சியகத்து வழிகாட்டிப் பெண். "அக்கா, நடுவுல ஒரு ஓட்டை இருந்துச்சே, எங்க?"

"கிழிஞ்சிருந்துச்சு. தைச்சுட்டேன்."

"அது காத்து போறதுக்கு நாங்களே போட்டது, அக்கா. அத அடைச்சா காத்து ஓரமா பிச்சுக்கிட்டுப் போகும். இப்படித்தான் ஆடும்."

"விண்வெளிக்கே ஒட்டுப் போட்ட மொத ஆளு நீதான்" என்றார் கணவர். அவள் பார்த்த பார்வையில் அவர் சிரிப்பு தொண்டையோடு நின்றது.

வேறு துணி கிடையாது. நேரம் முடிய ஆறே நிமிஷம். பிரிக்கலாமென்றால், அவள் போட்ட தையலை அவளாலேயே பிரிக்க முடியவில்லை. கத்தரியை எடுத்தாள். இருபது வருஷமாக ஊர் ஓட்டைகளையெல்லாம் அடைத்த கை, நல்ல துணியின் நடுவே ஓட்டை போட மாட்டேன் என்றது.

"ஓட்டை இல்ல, காஜா" என்று கையிடம் சொன்னாள். "பட்டனுக்குப் போடுறதில்ல? அதுமாதிரி, காத்துக்கு."

கை கேட்டுக்கொண்டது. ஒரே வெட்டு. அப்படியே விட மனசு வருமா? ஓரம் பிரியாமல் சுற்றிலும் நெருக்கமாகக் காஜா தையலும் போட்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் விழவில்லை.

இரண்டாவது முட்டை, மாமனார் வீட்டுக்கு முதல்முறை வரும் மாப்பிள்ளை மாதிரி, ஆடாமல் அசையாமல் அடக்கமாக வந்து இறங்கியது. வழிகாட்டிப் பெண் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

மகள் திரும்பியும் பார்க்காமல் விண்கலத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம் கழித்து, நேரமாகிவிட்டது, குழந்தையைக் கூப்பிடுங்கள் என்றாள் வழிகாட்டிப் பெண். தையல்காரம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நிலாவுக்குப் போனவ இப்பத்தான் போய்ச் சேர்ந்திருப்பா. திரும்பி வர வேணாமா? கொஞ்சம் பொறும்மா."