படாக் மரத்து ஆந்தை ஜோடி

காது என்றால் ஆரோக்கியசெல்விக்குத்தான் காது. தீவுக் கிராமமான வண்டூரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். அதற்கப்புறம் காட்டுக்குள் எது வாய் திறந்தாலும் அவளுக்கு ஆள் தெரிந்துவிடும். புள்ளிமான் கத்தினால், நாயைப் பார்த்துக் கத்துகிறதா மனுஷனைப் பார்த்தா என்றுகூடச் சொல்வாள். கொஞ்சம் திமிரும் உண்டு. இருக்கட்டுமே, வித்தை தெரிந்தவளுக்குத் திமிர் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

தம்பி கிளமெண்ட் டூரிஸ்ட்டுகளைக் காட்டோரமாக இரவு நடைக்குக் கூட்டிப்போகிறவன். அக்கா முன்னால், தம்பி பின்னால், நடுவில் ஏழெட்டுப் பேர். அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: யாரும் மேலே டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் ஆந்தை இடத்தைக் காலி செய்துவிடும். காதால் கேட்டால் போதும், கண்ணால் பார்க்க வேண்டாம். ஓடைக்கரைப் படாக் மரத்தில் ஆந்தை ஜோடி கூவியதும், வீட்டுக்கு வந்து தேதியும் நேரமும் நோட்டில் எழுதுவாள். மாதம் முடிந்தால் நோட்டு, பறவைக் கணக்கெடுக்கும் ஸ்வேதாவுக்குப் போகும். மூன்று வருஷமாக இப்படித்தான்.

இந்த வருஷம் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட் வந்தது. ராத்திரி முழுக்கக் கல்யாண வீடு மாதிரி விளக்கு. ஆந்தை போய்விட்டால் விளக்கை அணைக்கச் சொல்வோம் என்று வனத்துறை மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். போனதா இல்லையா என்பதற்குச் சாட்சி செல்வியின் நோட்டு. ஆந்தை போகவில்லை. தினமும் ஆறேகாலுக்குக் கூவியது. அவளும் கேட்டதைக் கேட்டபடி எழுதினாள். அந்த நோட்டைக் காட்டியே ரிசார்ட்காரர்கள் இன்னும் விளக்குப் போட அனுமதி கேட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமையும் ஆந்தை கூவியது. நின்றது. பிறகு மரத்தின் மேலிருந்து ஒரு பெண் குரல் மெல்லச் சொன்னது: "யாரும் டார்ச் அடிக்காதீங்க."

செல்வி வாயே திறக்கவில்லை. குரல் அவளுடையது.

பக்கத்தில் நின்றவரின் போனை வாங்கி, தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி மேலே வெளிச்சம் அடித்தாள். ஆந்தைப் பொந்துக்குள் கறுப்பாக ஒரு ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் கூனிக் குறுகிப் போனாள்.

கிளமெண்ட் எல்லாரையும் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான். ஜோடி போய் நாலு மாசமாகிறதாம். போன வருஷம் நடையில் ரெக்கார்டு செய்ததைத்தான் போடுகிறானாம். இன்றைக்குக் கூவல் முடிந்ததும் நிறுத்த மறந்துவிட்டானாம். ஆந்தை இல்லையென்றால் டூரிஸ்ட்டு எவன் வருவான் என்று கேட்டான். வயிற்றுப்பாட்டுக்குச் செய்துவிட்டான், போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

"என் நோட்டு எங்க போகுதுன்னு உனக்குத் தெரியும்ல?"

அவன் தரையைப் பார்த்தான். "தெரியும்க்கா. ஸ்பீக்கரே ரிசார்ட்காரங்க குடுத்ததுதான். அக்கா எழுதினா பக்கா, எவனும் சந்தேகப்பட மாட்டான்னு நான்தான் சொன்னேன்."

பாவி. கூடப் பிறந்தவன். அவள் காதைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தவன், அதையே விலை பேசிவிட்டான். செல்வி நேரே வீட்டுக்கு நடந்து, வாசலில் நின்றபடியே ஸ்வேதாவுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ஸ்வேதா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. அந்த நாலு மாசத்துக்கு முன்னாடி எழுதினது?"

"அதெல்லாம் நிஜம்மா."

"நான் நம்புறேன். வனத்துறைக்காரங்க நம்ப மாட்டாங்க. மொத்த நோட்டையும் தள்ளிடுவாங்க. அப்புறம் அந்த மரத்துல ஆந்தை இருந்துச்சுங்கறதுக்கே சாட்சி இல்லக்கா."

வெளியே யாரோ "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். யார் குரலென்று தெரியாதவள் போல உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள் செல்வி.