மூன்றாவது அசைவில் வரும் ஏப்பம்

கெங் யின்ஹ்வாவுக்கு ஏப்பம் எப்போதும் மூன்றாவது அசைவில்தான் வரும்.

சீனாவின் ஹெஃபெய் நகரத்தில் மகள் வென்ஜுவானோடு அவள் குடியிருந்த அடுக்குமாடியின் முற்றத்தில், விடிந்தும் விடியாததுமாகப் பெண்கள் கூடி எட்டு அசைவுகள் கொண்ட 'எட்டுப் பட்டு' மூச்சுப் பயிற்சி செய்வார்கள். முதல் அசைவில் இரண்டு கையாலும் வானத்தைத் தாங்க வேண்டும். அடுத்ததில் வில்லை இழுத்துக் கழுகைக் குறிபார்க்க வேண்டும். மூன்றாவதில் ஒரு உள்ளங்கை வானத்துக்கு, இன்னொன்று மண்ணுக்கு. "மண்ணீரலும் வயிறும் சீராகட்டும்" என்று ஒலிப்பெட்டிக் குரல் இழுத்து முடிக்கும் முன்பே யின்ஹ்வாவின் வயிற்றிலிருந்து கிளம்பிவிடும். சின்ன ஏப்பமா அது? பனிக்காலத்து டிராக்டர் மாதிரி இழுத்து இழுத்து, கடைசியில் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் மாடியில் பல் துலக்கிக்கொண்டிருக்கும் மகள் ஜன்னலைப் பட்டென்று சாத்துவாள்.

கூட நிற்கும் பெண்கள் யாரும் முகம் சுளித்ததில்லை. பயிற்சியின்போது ஏப்பம் வந்தாலும் காற்றுப் பிரிந்தாலும் அவர்களுக்கு அது நல்ல அடையாளம்.

"போச்சு பாரு, உள்ள இருந்த குளிரெல்லாம்!" என்பாள் பாய் அக்கா. "வென்ஜுவான் அம்மா, எனக்கும் கொஞ்சம் அனுப்பி வை. எனக்கு எல்லாம் கீழ் வழியாத்தான் போகுது."

தூக்கிய கையை இறக்காமலே எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தக் குளிர் எப்படி உள்ளே போனது என்று வென்ஜுவானுக்கு நன்றாகத் தெரியும். பூண்டு வயலில், பனியில் நின்றுகொண்டு, ஆறிப்போன சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்ற வயிறு அது. சூடாக இருந்ததெல்லாம் படிக்கிற பிள்ளைக்குப் போனது. அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் வென்ஜுவான். படிப்பு வேறு எதைச் சொல்லிக்கொடுத்ததோ, பெற்றவளின் வயிற்றுச் சத்தத்துக்குக் கூசச் சொல்லிக்கொடுத்திருந்தது.

அதே கட்டடத்தில் அலுவலகத் தோழி ஒருத்தியும் இருந்தாள். ஒருநாள் லிஃப்டில் கேட்டாள்: "காலைல நம்ம முற்றத்துல எவன்டி எருமையக் கட்டிப்போட்டிருக்கான்?"

வென்ஜுவான் சிரித்தாள். சிரித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "பட்டிக்காட்டு எருமையா இருக்கும், லேசுல அடங்காது" என்று தன் பங்குக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டாள். அன்று ராத்திரி அம்மா ஊற்றிய கஞ்சியைத் தலை நிமிராமல் குடித்தாள்.

அப்போதுதான் பேட்டை அளவில் இந்தப் பயிற்சிக்கு ஒரு போட்டி வந்தது. குடியிருப்புக்கு ஒரு குழு, எல்லோருக்கும் மயில் நீலத்தில் சாட்டின் சட்டை. குழுத் தலைவி மெங் டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது மூச்சைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தாள். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் வென்ஜுவானை வாசலில் மடக்கினாள்.

"உங்கம்மா கை நீட்டினா என்ன அழகு தெரியுமா? முன் வரிசைல நிறுத்தப் போறேன். அந்த ஏப்பம் மட்டும்... மேடைல மைக் இருக்கும்மா. மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடச் சொல்லேன். நான் சொன்னா ஒரு மாதிரி இருக்கும்."

அவ்வளவுதான் கேட்டாள். வர வேண்டாம் என்று அவள் சொல்லவே இல்லை. ஆனால் வென்ஜுவானின் கண்ணுக்குள் மேடை வந்தது, மைக் வந்தது, கூட்டத்தில் தோழியின் முகம் வந்தது.

"அம்மா நாளைக்கு ஊருக்குப் போறாங்க டீச்சர்" என்றாள்.

அம்மாவுக்கு வேறொரு பொய் தயார் செய்தாள். "அம்மா, போட்டில இந்த ஊர்க் குடும்பப் பதிவு இருக்கிறவங்க மட்டும்தான் சேரலாமாம். உனக்குக் கிராமத்துப் பதிவுதானே."

யார் எந்த ஊர்க்காரர் என்று அரசாங்கம் எழுதிவைப்பது அந்தப் பதிவு; நகரத்துப் பள்ளிக்கூடம்கூட அதைப் பார்த்துத்தான் சேர்க்கும். பதிவு என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. நகரத்துப் பள்ளிக்கூட வாசலில் மகளின் கையைப் பிடித்து நின்று, அந்த ஒரு சொல்லால் திருப்பி அனுப்பப்பட்டவள் யின்ஹ்வா. அதே சொல்லை எடுத்து மகள் அவள் மேலேயே எறிந்தாள்.

"கை காலை ஆட்டறதுக்குக்கூடப் பதிவா?" என்று அம்மா சிரித்தாள். சாட்டின் சட்டையை மடித்து உறையில் போட்டு, டீச்சரிடம் கொடுத்துவிடச் சொன்னாள். வென்ஜுவான் அதைத் தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

போட்டி அன்று அவள் எழுந்தபோது வீட்டில் அம்மா இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். போட்டி நடக்கும் சதுக்கத்தில், கூட்டத்தின் ஓரத்தில் அம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரே ஒரே அமளி. உடம்பு சூடேறட்டும் என்று மரத்தில் முதுகை மொத்திக்கொண்டிருந்த பாய் அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"மரத்துக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாயை மூடுங்கடி, வலி உயிர் போகுது!"

மெங் டீச்சர் கண்ணில் அம்மா பட்டுவிட்டாள். "வென்ஜுவான் அம்மா! ஊருக்குப் போகலியா? நல்லதாப் போச்சு, ஓடி வா!"

"எந்த ஊருக்கு? எனக்கு இங்க பதிவு இல்லையே டீச்சர், உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"பதிவா? அப்படி யார் சொன்னா? கை கால் இருந்தாப் போதும்!"

ஒவ்வொரு முகமாக வென்ஜுவான் பக்கம் திரும்பியது. அம்மாவும் திரும்பினாள். கண் கொட்டாமல் ஒரு பார்வை, அவ்வளவுதான். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"டிவில வேற எதையோ சொன்னான். நான் இதுக்குன்னு நினைச்சுக்கிட்டேன். கிழட்டு மண்டை!"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சொன்னேன் என்று வென்ஜுவான் சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

பாய் அக்காவின் சட்டை அம்மாவின் மேல் கூடாரம் மாதிரி தொங்கியது. மேடையில் முன் வரிசையில் நின்றாள். வானத்தைத் தாங்கினாள். வில்லை இழுத்தாள். மூன்றாவது அசைவு வந்தது. வரக் கூடாது, வரக் கூடாது என்று வென்ஜுவான் வேண்டிக்கொண்டாள். இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு அதுதான் கவலை.

அம்மாவின் வலது கை உயர்ந்தது. தொண்டை புடைத்தது. தாடையை இறுக்கிக்கொண்டாள். வயிறு உள்ளே ஒட்டியது, கண்ணோரம் நீர் கட்டியது. சத்தம் வரவில்லை. இடது கை, அதேபோல். ஒலிப்பெட்டிக் குரல் மட்டும் சதுக்கத்தில் தனியாகக் கேட்டது.

ஏப்பத்தை அடக்கச் சொல்லி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டியதே இல்லை. முற்றத்தில் நிற்பவர்களுக்கு மூன்றாம் மாடி ஜன்னல் சாத்தப்படுவது நன்றாகவே தெரியும்.

கைதட்டல் ஓய்ந்ததும் அம்மா பூச்செடித் திட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வென்ஜுவான் எங்கிருந்தோ ஒரு கோப்பை வெந்நீர் வாங்கி வந்தாள்.

"விட்டுடும்மா. இப்ப மைக் இல்ல."

"இப்ப வரலடி. உள்ளயே சுருட்டிக்கிச்சு."

"அம்மா, நான்..."

"சும்மா இரு. யார் கேட்டாலும் டிவின்னே சொல்லு. நீ இவங்களோட குடியிருக்கணும்ல."

மெங் டீச்சர் வந்தாள். வென்ஜுவானுக்குக் காது இரண்டும் எரிந்தன. "டீச்சர், அந்தப் பதிவுன்னு சொன்னது..." அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள். கிள்ளட்டும் என்று முடித்தாள்: "நான்தான்."

"தெரியும்" என்றாள் டீச்சர், சாதாரணமாக. "உங்க வீட்டு டிவி ரிப்பேராகி மாசக்கணக்காச்சுன்னு உங்கம்மாவே புலம்பியிருக்கா. எங்க எல்லாருக்கும் தெரியும்."

அப்படியானால் அந்தச் சிரிப்பு? அம்மாவின் பொய் கீழே விழுந்துவிடாமல் அத்தனை பேரும் சேர்ந்து தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

டீச்சர் அம்மாவின் பக்கம் குனிந்தாள். "வயிறு வலிக்குதா? நாளைக்கு முற்றத்துல மூணாவதை மட்டும் கூட ரெண்டு தடவை செய்வோம், என்ன?"

வென்ஜுவான் கோப்பையோடு நின்றாள். நீட்டக் கை வரவில்லை.

"குடு இப்படி, ஆறப் போகுது" என்று அம்மாவே எட்டி வாங்கிக்கொண்டாள்.