தூங்குமூஞ்சியின் வாக்கு

கீழ்வீட்டு வாசலில் கழற்றிய செருப்புகள் இன்றைக்கும் மாடிப்படி வரை வந்துவிட்டன. எல்லாம் என் தம்பியைப் பார்க்க வந்தவர்களுடையவை. சின்ன வயதில் வீட்டில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வகுப்பில் கண்ணை மூடியதற்காக அடி வாங்கியவன். இப்போது அதே கண்ணை மூடினால் கூடமே மூச்சை அடக்கிக் காத்திருக்கிறது. வாக்கு வரப்போகிறதாம்.

நான் நீதிமன்றத்தில் சாட்சியம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவன். ஒரே ஆள் ஒரே சம்பவத்தை முதலில் ஒரு விதமாகவும் கூண்டில் ஏறி வேறு விதமாகவும் சொல்வதைக் காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். வேண்டுமென்றே பொய் சொல்கிறவர்கள் குறைவு. முடிவு தெரிந்துவிட்டால் நினைவு தானாக அதற்கு வளைந்து கொடுக்கும். வாக்குக் கேட்க வந்த தையற்கடைக்காரியிடம் தம்பி சொன்னது, தண்ணீரில் கொஞ்சம் கவனம் என்பது மட்டும்தான். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். பிறகு அவள் கணவன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது காலை முறித்துக்கொண்டான். அடுத்த முறை வந்தவள், குளியலறையில் கவனம் என்று ஐயா சொன்னாரே என்றாள். அதற்கும் அடுத்த முறை, இடது கால் என்றே ஐயா சொல்லியிருந்தாராம். தம்பி மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டான். கேட்டவர்களுக்குப் புல்லரித்தது. வாக்குப் பலிக்காதவர்கள் திரும்ப வருவதில்லை. அதனால் அந்தக் கூடத்தில் வாய் திறக்கிறவர்கள் எல்லாருக்குமே பலித்திருக்கிறது.

இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். சொல்லட்டும். இந்தக் குடும்பத்தின் மூத்தவன் நான். யார் முன்னும் தலைகுனியாமல் நடந்தவன். இன்றைக்குத் தெருவில் எனக்குப் பெயர், வாக்கு ஐயாவோட அண்ணன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மனைவியும் போய் அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

எங்கள் மகன் வீட்டைவிட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. நான் பேசி முடித்த கல்யாணத்தை, பத்திரிகை கொடுத்த பிறகு, வேண்டாம் என்று உதறியவன். பெண் வீட்டாரிடம் போய் நான் கைகூப்பி நிற்க வேண்டியதாயிற்று. இனி இந்த வாசற்படி ஏறாதே என்று சொல்லிவிட்டேன். அவனும் ஏறவில்லை. அவனைப் பற்றித்தான் இவள் கேட்டிருக்கிறாள். தம்பி வழக்கம்போலக் கண்ணை மூடிச் சொன்னானாம்.

"வர்ற வழியிலதான் இருக்கான் அண்ணி."

நாளைக்கு வந்தாலும் அது சரி, பத்து வருஷம் கழித்து வந்தாலும் சரி, எந்தக் காலத்திலும் பொய்யாகாத பேச்சு அது என்று அவளுக்கு விளக்கினேன். துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா உங்க தம்பி சொன்னப்புறம்தான் நான் ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடறேன். நீங்க இத்தனை வருஷத்துல பையன் பேச்சையே எடுத்ததில்லையே."

மறுநாள் மகனுடைய அறையைப் பெருக்கி, தலையணைக்கு உறை மாற்றினாள். அப்போது அவள் முகத்தில் ஒரு தெளிச்சி. நான் எவ்வளவோ செய்தும் பார்க்கக் கிடைக்காத முகம். தூங்குமூஞ்சி ஒரு வரியில் வாங்கிவிட்டான்.

இன்று மதியம் அவள் கீழே இருந்தபோது என் கைபேசி அடித்தது. தெரியாத எண். பஸ் ஹாரன்களுக்கு நடுவே மகனின் குரல்.

"அப்பா, பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கறேன். டிக்கெட் எடுக்கப் போய்ப் போய்த் திரும்பிடறேன். நீங்க வான்னு சொன்னா ஏறிடுவேன். இல்லன்னா, நான் கூப்பிட்டதை அம்மாகிட்ட சொல்ல வேணாம்."

வா என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே நாளைய கூடமும் கண் முன்னால் வந்தது. என்ன கிழமை, எந்த பஸ் என்றுகூட ஐயா அன்றைக்கே சொன்னார் என்று தையற்கடைக்காரி சத்தியம் செய்வாள். என் மனைவி மகனைக் கையைப் பிடித்து முதலில் கீழ்வீட்டுக்குத்தான் அழைத்துப் போவாள். அவனை வரவழைத்தவன் தம்பி என்றாகிவிடும். எந்தக் காலத்திலும் பொய்யாகாது என்று மனைவியிடம் சொன்னேனே, அது தவறு. அதைப் பொய்யாக்க என் ஒருவனால் முடியும்.

"அப்பா, இருக்கீங்களா?"

கீழே பெண்களின் சிரிப்புக்கு நடுவே இவள் விடைபெறுவது கேட்டது. பிறகு படியேறும் காலடி. கைபேசியை மார்போடு அழுத்திக்கொண்டேன். அவள் வாசலில் வந்து நின்று என் முகத்தையே பார்த்தாள். சட்டைத் துணிக்கு அடியில், அப்பா, அப்பா என்று அவன் குரல் அதிர்ந்துகொண்டிருந்தது.