ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

லீலாவதியின் விரல்கள் கோணத் தொடங்கியபோது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. முடக்குவாதம் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய் என்று திருச்சி டாக்டர் விளக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சாப்பிட ஒரு மாத்திரை கொடுத்தார். அன்றிலிருந்து சமைப்பது, தண்ணீர் பிடிப்பது, அவளுக்குத் தலை பின்னிவிடுவது எல்லாம் கணவர் நல்லதம்பியின் வேலை. குரும்பலூரில் இருந்த சின்ன வெங்காயக் காட்டையும் அவரே பார்த்தார். மாத்திரையை மட்டும் அவளே எடுத்துக்கொள்வாள்.

அப்படியே ஏறக்குறைய இருபது வருஷம் ஓடியது. 2006 தை மாதம் அவளுக்கு வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. ஈறில் ரத்தம் கசியவும், நல்லதம்பி அவளைத் திருச்சிக்கு அழைத்துப் போனார்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். "இந்த மாத்திரைய எப்படிம்மா சாப்பிடுறீங்க?"

"தெனம் காலையில சாப்புடுறேங்க. ஒரு நாளும் வுட்டதில்ல" என்றாள் பெருமையாக.

வாரம் ஒன்றுக்கு மேல் போனால் விஷமாகிற மாத்திரை அது. உடனே சேர்த்துக்கொண்டார்கள். தேறிவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் அவளிடம், "காலையில என்ன சாப்டீங்க?" என்று கேட்டார். அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். சாப்பிட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நல்லதம்பி டாக்டரைத் தனியாகப் பிடித்தார். "இன்னும் அறுவது ஆவலையே சார். ஏன் இப்படி?"

"மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு. இந்த மாதிரி ரொம்ப வருஷம் மூட்டு வீங்கிக் கஷ்டப்படுறவங்களுக்கு மூளையும் பாதிக்க வாய்ப்பு கொஞ்சம் கூடுதலோன்னு சந்தேகப்படுறாங்க. இவங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

"கை காலோட வுட்டுடும்னு நெனச்சேங்க" என்றார் நல்லதம்பி.

அதன்பிறகு மருந்தெல்லாம் அவர் சட்டைப்பையில். விடிந்ததும் அவள் கை நீட்டுவாள். இன்று இல்லை என்பார். சிறிது நேரத்தில் மறுபடி நீட்டுவாள். மதியத்துக்குள் அது சண்டையாகிவிடும். "வலியில சாவுறேன், இந்த மனுசன் மருந்த ஒளிச்சு வெச்சிருக்காரு" என்று தெருவில் போகிறவர்களிடம் அழுவாள். முதலில் எல்லோருக்கும் விளக்கினார். பிறகு விளக்குவதை விட்டுவிட்டார்.

ஆடி மாதம் அரியலூரிலிருந்து மகள் புவனேஸ்வரி வந்தாள். அப்பா உட்கார்ந்தபடியே, கையில் கரண்டியோடு தூங்குவதைப் பார்த்தாள். "கொஞ்ச நாள் அம்மா என்கிட்ட இருக்கட்டும்ப்பா" என்று அழைத்துப் போனாள்.

நல்லதம்பி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். எழுந்து பழைய சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கினார். காட்டுப் பக்கம் போகவே இல்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது.

"அப்பா..." மகள் அழுதுகொண்டிருந்தாள். "அடுப்பப் பத்த வெச்சிட்டு மறந்துட்டாங்க. கேட்டா, நான் யாருன்னு கேக்குறாங்க. புள்ளைங்க பயப்படுதுங்க. நீங்க எப்படிப்பா தனியா பாத்தீங்க?"

இதோ கிளம்பிவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

"நாளைக்கு ஒரு நாள் வெச்சிக்கிறியாம்மா?" என்றார். "நாள மறுநா காலையில மொத பஸ்ஸுக்கு வந்துடுறேன்."

மறுமுனையில் மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"சரிப்பா. தூங்குங்க."

அவர் வீட்டுக்கு வந்து பாயில் படுத்தார்.