நெஞ்செலும்பு யாருக்கு

மலைக்கு அந்தப் பக்கம் கிர்கிஸ், இந்தப் பக்கம் கசாக். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டுதான் கிர்கிஸ் ஊரான நாரினிலிருந்து கசாக் நகரமான அல்மாட்டிக்கு வணிக இதழியல் படிக்க வந்தாள் சைகால். வகுப்பில் ஜார்ஜியா, மங்கோலியா, பாகிஸ்தான் என்று பல தேசத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். குதிரைக்கறிக் கடையைக் கண்டால்கூட நின்று படம் எடுக்கிற கூட்டம். சைகாலுக்கு அவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். இந்த ஊரில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற மிதப்பு அவளுக்கு உண்டு.

அந்த மிதப்பை அவ்வப்போது தட்டி உட்கார வைக்கிறவள் கம்ஷாத். அதே வகுப்பு, விடுதியில் அதே அறை, கசாக் நாட்டுக்காரி. ஒருநாள் விடுதிச் சமையலறையில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தபோது, எந்த எலும்பு யாருக்குப் போகவேண்டும் என்று இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது.

"உங்க ஊர்ல யாருக்கு வேணா எதை வேணா போடுவீங்களாடி? காட்டுமிராண்டிங்களா?" என்றாள் கம்ஷாத்.

"போடி. எங்களைப் பாத்துத்தான் நீங்களே கறி திங்கக் கத்துக்கிட்டீங்க."

"சரி, எங்க வீட்டுக்கு வந்தா ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. நெஞ்செலும்பு மாப்பிள்ளைக்குத்தான். வேற ஆம்பளைக்கு வெச்சா தெருவே சிரிக்கும்."

"தப்பித்தவறி நான் எடுத்துட்டா?"

"எங்க அக்காவைக் கட்டிக்கணும்."

இருவரும் சிரித்து ஓய்வதற்குள் கறி அடிப்பிடித்துவிட்டது. அந்தப் பேச்சும் அத்தோடு மறந்துபோனது.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு புலனாய்வுக் கட்டுரை எழுதவேண்டும். நன்றாக வந்தால் அல்மாட்டியின் வணிக வார இதழ் ஒன்று வெளியிடும், வேலையும் கொடுக்கும். சைகாலுக்கு அந்த வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் நாரினுக்குத் திரும்பி மாமாவின் டயர் கடையில் ரசீது போடவேண்டியதுதான். அவள் எடுத்துக்கொண்டது பள்ளிக்கூடத்து ரொட்டி. ஒரு மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் மாவு கொடுக்கும் டெண்டரை ஆண்டுதோறும் ஒரே மில் தட்டிக்கொண்டு போகிறது. சந்தையில் விற்பதைவிட அந்த மாவு விலை அதிகம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மில் ஓராஸ்பெக் என்பவருடையது. கம்ஷாத்தின் அப்பா.

அதைக் கண்டுபிடித்த அன்றே சைகால் பேராசிரியை டாக்மாரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். டாக்மார் செக் நாட்டுக்காரர், செய்தி நிறுவனங்களில் காலம் தள்ளியவர், முகத்தில் எதுவும் தெரியாது. "முதல்ல உன் தோழிகிட்ட சொல்லு. அப்புறம் எழுது. மறைச்சு வெச்சுட்டு எழுதாதே" என்றார்.

சைகால் சொன்னதைக் கம்ஷாத் முழுவதும் கேட்டாள்.  "எழுதுடி. எங்கப்பாவும் ஒரு கம்பெனிதானே" என்றாள். 

குளிர்காலம் முழுக்கத் தேடியும் சைகாலுக்கு ஒரு துப்புகூட அகப்படவில்லை. டெண்டர் குழுவின் தலைவர் யெர்சாயின். அவரைப் பார்க்க அலுவலகத்துக்குப் போனபோது, ஐயா ஊரில் இல்லை என்று உதவியாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஐயா உள்ளறையிலிருந்து வந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, இவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். அந்த நீண்ட முகமும் அடர்ந்த புருவமும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவருக்கும் மில்லுக்கும் எந்தக் காகிதத்திலும் சம்பந்தம் இல்லை. பங்கு இல்லை, கடன் இல்லை, உறவு இல்லை.

அப்போதுதான் கம்ஷாத் கூப்பிட்டாள். "சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வா. கேக்கவேண்டியத அப்பாகிட்டயே நேரா கேளு."

பஸ்ஸை விட்டு இறங்கியபோது பனி முழங்கால் வரை கிடந்தது. வாசலில் இவர்களைப் பார்த்ததும் ஓராஸ்பெக் முகத்தில் ஒரு தடுமாற்றம் வந்து போனது. ஆனால் மனிதர் வெளுத்த மாவுபோலவே மிருதுவானவர், உடனே சமாளித்துக்கொண்டார். "வாம்மா கிர்கிஸ் பொண்ணே! மலையைத் தாண்டி வந்தவளுக்கு ஆடு அறுக்காம அனுப்பினா என்னை ஊரு காறித் துப்பும்."

ஆடு அறுத்தார்கள். கறி வேகும் வரை பால் ஊற்றிய தேநீர் வந்தது, எண்ணெயில் பொரித்த மாவுருண்டையான பவுர்சாக் வந்தது. மாவு விலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் ஓராஸ்பெக் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். கோதுமை வடக்கிலிருந்து வருகிறது, டீசல் விலை ஏறிவிட்டது, தரம் வேண்டாமா. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. சைகால் எழுதிக்கொண்டாள். எழுத எழுதக் கட்டுரை கையைவிட்டுப் போவதும் தெரிந்தது.

விருந்துக்கு அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாகப் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். நீண்ட முகம், அடர்ந்த புருவம். யெர்சாயின்.

"இவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர். குதிரை விஷயமா வந்தாரு" என்றார் ஓராஸ்பெக், யாரும் கேட்காமலே.

யெர்சாயின் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. ஒரு ஊரில் டெண்டர் அதிகாரியும் மில்காரரும் அறிமுகமாக இருப்பது ஒன்றும் குற்றமில்லை என்று சைகால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் ஆற்றாமைக்குச் செய்தி என்று பெயர் வைக்கக்கூடாது.

கம்ஷாத்தும் அவள் அம்மாவும் தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். அகலமான மாவு ஏடுகளின் மேல் கறி ஆவி பறந்தது. ஆட்டுத்தலை அறையிலேயே மூத்தவரின் முன்னால் போனது. இடுப்பெலும்பு பெரியவர்களிடம் போனது. யெர்சாயின் முன்னால் கம்ஷாத் ஒரு தட்டை வைத்து, விளிம்பைத் திருப்பிச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

தட்டின் மேலே அகலமாக, கொழுப்போடு, நெஞ்செலும்பு.

விடுதிச் சமையலறைப் பேச்சு சைகாலுக்கு ஞாபகம் வந்தது. கம்ஷாத்தின் அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பல்லில்லாத ஒரு கிழவர் மட்டும் எலும்பைப் பார்த்துவிட்டு, வீட்டு நிலவரம் புரியாமல், "சாப்பிடு மாப்ள, சாப்பிடு, வெக்கப்படாதே!" என்றார். ஓராஸ்பெக் சத்தமாக இருமிவிட்டுக் குதிரை விலையைப் பேச ஆரம்பித்தார். யெர்சாயினின் காதுகள் சிவந்துபோயின.

அன்று மாலையே இருவரும் பஸ் ஏறி விடுதிக்குத் திரும்பினார்கள்.

திங்கட்கிழமை டாக்மார் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கம்ஷாத்துக்கு அக்கா இருக்காளா?"

"இருக்காங்க, ஷோல்பான். அந்த வீட்லதான் இருக்காங்க. கல்யாணம் ஆகலைன்னுதான் பதிவுல இருக்கு. மசூதியில நிக்காஹ் மட்டும் பண்ணியிருக்கலாம். பதிவு பண்ணாட்டி காகிதத்துல உறவே கிடையாது."

"நல்லா கவனிச்சிருக்கே. ஆனா எலும்பு ஆதாரம் ஆகாது. மனுஷங்க வாயால சொல்லணும், பேரோட சொல்லணும். ரெண்டு பேராவது. இல்லாட்டி இதை அச்சுல பாக்க முடியாது."

ரெண்டு பேர். யாரைக் கேட்பது? அந்த வீட்டைச் சேர்ந்தவள் ஒருத்திதான் இவள் கைக்கு எட்டும் தூரத்தில், எதிர்க் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். சைகால் வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். கேட்டால் தோழி போய்விடுவாள். கேட்காவிட்டால் வேலை போய்விடும். அதைவிட, பள்ளிப் பிள்ளைகளின் ரொட்டியில் ஒருவர் லாபம் பார்ப்பதைக் கண்ணால் கண்டும் வாயை மூடிக்கொண்டவள் என்ற பெயர் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வாரம் முடியும் தறுவாயில் சமையலறையில் கேட்டே விட்டாள். குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே. "இப்ப நான் தோழியா கேக்கல, நிருபரா கேக்கறேன். நீ சொல்றத பேரோட எழுதுவேன். யெர்சாயின் உங்களுக்கு என்ன உறவு?"

கம்ஷாத் அடுப்பை அணைத்தாள். "அப்பாடா. இவ்வளவு நாளாடி? நீ கேக்கவே மாட்டியோன்னு பயந்துட்டேன்."

சைகாலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கம்மா அவருக்குத் தோள்பட்டை எலும்பு வெச்சிருந்தாங்க. வேத்து ஆளுக்கு வெக்கிற மாதிரி. அப்பா அப்படித்தான் வெக்கச் சொல்லியிருந்தாரு. தட்டை எடுத்துட்டு வர்ற வழியில மாத்தினது நான்."

"நீயா?"

"உன்னை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரச் சொன்னாரு அப்பா. சனிக்கிழமை அக்காவைப் பாக்க யெர்சாயின் வர்ற நாள், அதான் அன்னிக்கே இழுத்துட்டு வந்தேன்." அவள் குரல் உடைந்தது. "எங்கக்காவுக்கும் அவருக்கும் நிக்காஹ் ஆனதாலதான் மில்லுக்கு டெண்டர் வந்துச்சு. டெண்டர் இருக்கிற வரைக்கும் பதிவு பண்ணக்கூடாதாம். கடைத்தெருவுல புருஷனைப் பாத்தா யாரோன்னு தாண்டிப் போவா. அப்பாவைப் பத்தி மக வாயால நானா வந்து சொல்ல முடியாதுடி. யாராவது கேட்டாத்தான் சொல்ல முடியும்."

"கம்ஷாத், எழுதினா நீ வீட்டுக்குப் போக முடியாது."

"தெரியும். லீவுக்கு நாரின் வரேன். எனக்கு எந்த எலும்பு குடுப்பீங்கன்னு பாக்கறேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். "ரெண்டு பேர் வேணும்னுதானே டாக்மார் சொல்வாங்க? இந்தா. அக்காவே பேசறேங்கறா."

கைபேசியில் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் எங்கோ ஒரு கதவு மூடிக்கொண்டது.

சைகால் குறிப்பேட்டைத் திறந்துகொண்டு, எல்லாப் பேட்டிக்கும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டாள். "கட்டுரையில உங்களை யாருன்னு போடட்டும், அக்கா?"

 சொல்லிப் பழக்கமில்லாத ஒன்றைச் சொல்கிறவளின் மெதுவான குரல் வந்தது.

"ஷோல்பான். யெர்சாயினோட மனைவி. அப்படியே போடுங்க."