பழுதாகாத வேன்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. ஈப்போவில் ஒரு ஹோட்டலில் நடந்த சமூக மனநலக் கருத்தரங்கில், தேநீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவர் ஏதோ ஒரு வேனைப் பற்றிப் பேசினார்கள். காதில் விழுந்தது நாலு வரி. மீதியும் பெயர்களும் நான் வைத்தவை.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன். 'சான்றுகளின் அடிப்படையில், எல்லாருக்கும் சமமான மனநலச் சேவை என்பது...' அது மேடைப் பதாகையின் வாசகம். விட்டேன். 'கிந்தா ஆற்றின் மேல் காலை வெயில்...' அந்த மண்டபத்துக்குச் சன்னலே கிடையாது.

இப்படித் தொடங்கலாம்: மாதுமைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

2

மாதுமை ஒரு தாதி. ஈப்போக்காரி. பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்துக்கு, மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை மனநல வேனில் போகிறவள். வீடு வீடாக உட்கார்ந்து ஒன்பது கேள்விகள் கேட்பாள். தூக்கம் கெடுகிறதா, மனம் கனக்கிறதா, எதிலும் பிடிப்பில்லாமல் போகிறதா என்று.

முதல் மாதம் முதல் ஆளாக நல்லம்மாள் என்ற அம்மா 'ஆமாம்' என்றார். அவருக்கு முழங்கால் வலி. ஆலோசனைக்கு வேன் வரை நடக்க வேண்டாமே என்று, வேன் நேரே அவர் வாசலில் வந்து நிற்கும்படி மாதுமை ஏற்பாடு செய்தாள். வேனின் பக்கவாட்டில் 'மனநலச் சேவை' என்று முழ நீள எழுத்து. அதன் பிறகு லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் 'இல்லை' என்றார்கள். நல்லம்மாளும் 'இல்லை' என்றார்.

'இங்கே தேவை மிகக் குறைவு' என்று மாதுமை அறிக்கை எழுதினாள். இன்னும் இருபது நிமிடத்தில் அதைக் கருத்தரங்க மேடையில் வாசிக்க வேண்டும். மாலையில் வேன் திட்டத்தின் குழு கூடி, எந்தெந்த ஊருக்கு வேன் தொடரும் என்று முடிவு செய்யும். இதை வாசித்தால் தோட்டத்துக்கு இனி வேன் போகாது.

(இவ்வளவு கெட்டிக்காரிக்கு எல்லாரும் 'இல்லை' என்றதன் காரணம் தெரியாமலா போகும் என்று எனக்கே சந்தேகம் வந்தது. தெரியாதுதான். அவள் வளர்ந்த தெருவில், வாசலில் வண்டி வந்து நிற்பது மரியாதை.)

3

வேன் ஓட்டுநர் கஸ்பார் அதே தோட்டத்தில் பிறந்தவர். தேநீர்க் கோப்பையோடு மெல்ல அருகில் வந்தார்.

"மிஸ்ஸி, ஒரு வெசயம் சொல்லணும்லா. திட்டக் கூடாது."

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே. என்னைக் கூப்பிடப் போறாங்க."

"போன ரெண்டு தடவ வேன் ரோசாக் ஆயிருச்சுன்னேன்ல?"

"ஆமா, கடைகிட்ட. அந்த வெயில்ல என்னை நடக்க விட்டீங்க. மறப்பேனா?"

"ரோசாக்கே இல்ல மிஸ்ஸி. வேன் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் எஞ்சின் பானட்டத் தொறந்து வச்சிட்டு நின்னேன்."

மாதுமையின் கோப்பை தட்டில் இடித்தது. "ஏண்ணே?"

"நல்லம்மாக்கா வீட்டுக்கு இப்ப என்னா பேரு தெரியுமா? வேன் வீடு. சின்னப் புள்ளைங்க கூட அப்படித்தான் சொல்லுது. அந்த எழுத்தோட வாசல்ல நின்னா எவன் ஆமான்னு சொல்லுவான்? கடைகிட்ட நின்னா அது யாரு வீட்டு வேனும் இல்ல. வெறும் ரோசாக் வேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அவங்க முட்டி வலிக்கு நீங்க ஆசையா செஞ்சது. எப்படி மிஸ்ஸி சொல்றது?"*

* பொய் கூடாது என்று ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன் நான். கஸ்பாரை உண்மை பேசவைத்து இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். அதில் அவர் கடைவாசலில் நின்று காரணத்தை எல்லாருக்கும் விளக்கினார். நல்லம்மாள் தலை குனிந்தார். அந்த இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டேன். கடவுள் இந்தப் பொய்யைத் தம் கணக்கேட்டில் எந்தப் பக்கம் எழுதுவார் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

4

மாதுமை பையைத் திறந்தாள். அந்த இரண்டு செவ்வாய்களின் தாள்கள் தனியே கிளிப் போட்டு இருந்தன. மேலே அவள் கையெழுத்து: 'வேன் பழுது. முறையான வருகை அல்ல.' வேன் இல்லாமல் நடந்துபோய், வீட்டுக் கதவோரம் நின்று கேட்டதைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. பதினொரு பேர் 'ஆமாம்' என்றிருந்தார்கள். அவர்களுக்கு மருத்துவரைப் பார்க்கத் தேதி வாங்கிக் கொடுத்திருந்தாள். அறிக்கையில் மட்டும் சேர்க்கவில்லை. நல்லம்மாளின் தாளில் ஒன்பதுக்கு ஏழு 'ஆமாம்'.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

5

முடிவு ஒன்று: அவள் பழைய அறிக்கையையே வாசித்துவிட்டு, யாரையும் பார்க்காமல்... இல்லை. இதை முடிக்க என் கை வரவில்லை.

முடிவு இரண்டு: "இந்த எண்களை நான் விதிப்படி சேகரித்தேன்," என்றாள் மாதுமை. "இருந்தும் இவை தவறு. வேனை நான் நிறுத்தச் சொன்ன இடம் தவறு. அதைக் கண்டுபிடித்தவர் கஸ்பார். பின்வரிசையில் இருக்கிறார்."

மண்டபமே திரும்பியது. கஸ்பாரின் வாய் நிறைய பிஸ்கட்.

(கருத்தரங்குக்குப் போனபோது, குளிரூட்டிய அறையில் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறவர்களை லேசாகக் கிண்டல் செய்யலாம் என்றிருந்தேன். முடியவில்லை.) முன்வரிசையில் இருந்த மூத்த மருத்துவர் தம் உரைத்தாளை மூடிவிட்டு எழுந்தார். "நம்முடைய மற்ற வேன்கள் எங்கே நிற்கின்றன?" என்று கேட்டார். "எங்கள் வேனும் வாசலில்தான்," என்று லகாட்டிலிருந்து வந்தவரின் கை உயர்ந்தது. தஞ்சோங் மாலிமிலிருந்து ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை.

6

மாலையில் குழு கூடியது. கதவு சாத்தியபோது நான் வெளியே நின்றேன். 'வேன் தொடரும்' என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். ஆனால் நான் எழுதிக் கொடுக்கும் வேனில் நல்லம்மாள் ஏற முடியாது.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனால், கடையோரம் ஒரு வேன் பானட்டைத் திறந்துகொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், என்ன பழுது என்று கேட்க வேண்டாம். நீங்களும் குனிந்து கொஞ்ச நேரம் எஞ்சினைப் பாருங்கள்.